‘நாளைக்கு’ என்று மட்டும் சொல்கிறவர் குடித்திருக்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை பேச்சுப் பயிற்சி முடிந்து மதியம் இரண்டு மணிக்கு என் அறையிலிருந்து கிளம்பிய ஒரு கொத்தனார், தக்கலைப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மாலை ஏழு மணிக்கு. நாகர்கோவில் வடசேரியில் பேருந்து ஏறினால் தக்கலைக்கு ஒரு மணி நேரம் போதும். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தவர். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் துணையில்லாமல் வந்திருந்தார். தனியாகப் போய்வர அவரைப் பழக்க வேண்டும் என்று அவருடைய மனைவியிடம் வற்புறுத்தியதே நான்தான்.

நடத்துனர் “எங்க போணும்?” என்று கேட்டிருக்கிறார். இவர் “நாளைக்கு” என்றிருக்கிறார். “இன்னைக்கு எங்க போணும் ஓய்?” இவர் ரூபாய் நோட்டை நீட்டி, கையை முன்னால் காட்டி, மறுபடியும் “நாளைக்கு, நாளைக்கு” என்றிருக்கிறார். யாரோ சிரித்திருக்கிறார்கள். யாரோ “மத்தியானமே தண்ணி போட்டாச்சு” என்றிருக்கிறார்கள். அவருக்கு வெப்ராளம் வந்து குரலை உயர்த்தினார். உயர்த்தியபோதும் அதே சொல்தான் வந்தது. வில்லுக்குறியில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து வலது காலை இழுத்து இழுத்து, நின்று நின்று நடந்து போயிருக்கிறார். பின் இருக்கையில் இருந்த ஊர்க்காரப் பெண் ஒருவர் அவரை அடையாளம் கண்டபோது பேருந்து நகர்ந்துவிட்டது. அந்தப் பெண் சொல்லித்தான் வீட்டுக்கே விஷயம் தெரியும். அவரால்தான் சொல்ல முடியாதே.

இந்த ஒரு வருடத்தில் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் இது மூன்றாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கவாதம் மூளையின் இடது பக்கத்தைத் தாக்கும்போது பலருக்கு வலது கை காலோடு மொழியும் அடி வாங்குகிறது. இதற்கு அஃபேசியா என்று பெயர். சிலருக்குச் சொற்கள் தடுமாறும். சிலருக்குப் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதும் சிரமமாகும். இன்னும் சிலருக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும். எதைச் சொல்லப் போனாலும் அதுதான் வரும். 1861-ல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஓசை மட்டுமே வந்தது. மூளையில் பேச்சுக்கு இடம் இருக்கிறது என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது அவரை வைத்துத்தான். 160 வருடம் கழித்தும் நம் பேருந்தில் அதற்குப் பெயர் குடிபோதை.

அந்தக் கொத்தனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் பயிற்சிக்கு வந்தபோது படம் காட்டும் அட்டைகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மர அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு” என்று அதைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. எழுந்து போய், மேசையில் இருந்த கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி, இடது கையால் கொண்டுபோய் அலமாரித் தட்டில் வைத்தார். தண்ணீரின் விளிம்பையும் தட்டின் விளிம்பையும் விரலால் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். ஒரு பக்கம் ஒரு விரற்கடை சரிந்திருந்தது. அந்த அறையில் எத்தனையோ வருடமாக உட்கார்ந்திருக்கும் என் கண்ணில் அது பட்டதே இல்லை. இந்த மனிதரைத்தான் புத்தி பேதலித்தவர் என்று ஓரமாக உட்காரச் சொல்கிறோம்.

இப்போது எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். “பேச வரலைன்னா எழுதிக் காட்டலாமே?” படித்தவர்கள், அதிகாரிகள், சில நேரம் மருத்துவத் துறையில் இருப்பவர்களே இதைக் கேட்கிறார்கள். பேனாவையும் தாளையும் நீட்டுகிறார்கள். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு விழிப்பார். உடனே, “எழுதக்கூடத் தெரியல” என்று முடிவு கட்டிவிடுவார்கள். கையெழுத்துப் போட வராதவருக்கு வங்கியில் நடப்பதைச் சொன்னால் அதுவே தனிக் கட்டுரையாகும்.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். அஃபேசியாவில் பழுதானது நாக்கு இல்லை, உதடு இல்லை, தொண்டை இல்லை. மொழியே பழுதாகியிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கயிறுதான் அறுந்துவிட்டது. வாய் வழியாக இறைத்தாலும் கை வழியாக இறைத்தாலும் அதே கயிறுதானே? பேசும்போது கிடைக்காத சொல், எழுதும்போது மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? எழுத்தைக் கூட்டிப் படிப்பதும் பலருக்குச் சிரமமாகிவிடும். செல்பேசியில் தட்டச்சு செய்யச் சொல்வதும் இதே கதைதான். சைகை மொழி கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று என்னிடம் சண்டை போட்ட மகன்கள் உண்டு. சைகை மொழியும் ஒரு மொழிதான் ஐயா. சுட்டிக் காட்டுவதும், படம் வரைவதும், தலையசைப்பதும் வேறு. அவை பலருக்குக் கைகொடுக்கும்.

எழுதிக் காட்டுவது யாருக்கு உதவும் என்றால், நாக்கும் உதடும் தளர்ந்து பேச்சு குழறுகிறவர்களுக்கு, புற்றுநோயால் குரல்வளை எடுக்கப்பட்டவர்களுக்கு. இவர்களுக்கு மொழி அப்படியே இருக்கிறது. வெளியே கொண்டுவரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. பேனா அவர்களுக்குத் தெய்வம். தொண்டையில் கருவியை வைத்து, இயந்திரம் பேசுவதுபோல் ஒலிக்கும் குரலில் செல்பேசியில் அழைப்பவரை விளையாட்டு அழைப்பு என்று நினைத்துத் துண்டித்துவிடாதீர்கள்.

இன்னொரு வேதனை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. “ஜெபம் முழுசாச் சொல்லுதாரு, பாட்டு பாடுதாரு, கோவம் வந்தா கெட்ட வார்த்தை தெளிவா வருது. எனக்கிட்ட ஒரு வார்த்தை பேச மட்டும் வராதாக்கும்? நடிக்காரு டாக்டர்.” எத்தனை மனைவிகள் என் முன்னால் அழுதுகொண்டே இதைச் சொல்லியிருக்கிறார்கள். (நான் டாக்டர் இல்லை, பேச்சு மொழிப் பயிற்சியாளர். அதைத் திருத்த அந்த நேரத்தில் மனம் வருவதில்லை.) மனப்பாடமான ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று, வசவு எல்லாம் தானாக ஓடும் பேச்சு. “எனக்கு மோர் வேண்டும்” என்பது யோசித்துக் கோக்கும் பேச்சு. முதலாவது தப்பிப் பிழைத்து இரண்டாவது அடிபடுவது மிகச் சாதாரணம். அவர் நடிக்கவில்லை. இன்னொன்றும் கேளுங்கள்: அஃபேசியா உள்ள சிலருக்கு ‘ஆமா’வும் ‘இல்ல’யும் மாறி வரும். “சாப்பிட்டாச்சா?” என்றால் “ஆமா” என்பார், தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாயை நம்பாதீர்கள், முகத்தைப் பாருங்கள். கட்டை விரலை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டச் சொல்லுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதோடு மொழிகளும் பின்னிக் கிடக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தவர்கள். களியக்காவிளை, அருமனைப் பக்கம் இரண்டு மொழியும் கலந்து புழங்கும் வீடுகள் இன்றும் உண்டு. மலையாளத்தில் படித்து, தமிழில் குடும்பம் நடத்திய ஒரு பாட்டிக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு மலையாளம் முன்னால் திரும்பியது, தமிழ் வரவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு மலையாளம் புரியாது. பாட்டி பிதற்றுகிறாள் என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தார்கள். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு எந்த மொழி முதலில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தாய்மொழிதான் முந்தும் என்ற சட்டமும் இல்லை. அந்தப் பாட்டியிடம் பக்கத்து வீட்டு அம்மா வந்து மலையாளத்தில் நாலு வார்த்தை பேசியதும்தான், அவள் பிதற்றவில்லை, குடிக்க வெந்நீர் கேட்கிறாள் என்பது வீட்டாருக்குத் தெரிந்தது.

மொழி தெரியாதது உயிருக்கே உலை வைத்ததையும் பார்த்தேன். ஒடிசாவிலிருந்து மீன்பிடி வேலைக்கு வந்த இளைஞர், முப்பது வயதுகூட ஆகாதவர். காலையில் துறைமுகத்தில் வலை மேல் உட்கார்ந்து ஏதோ உளறியிருக்கிறார். கூட இருந்த நம்மவர்களுக்கு அது உளறல் என்றே தெரியவில்லை. “அவனுக்க பாஷை நமக்கு என்ன தெரியும்?” என்று, களைப்பு என எண்ணிப் படுக்கவைத்தார்கள். மனதில் அன்பு இல்லாமல் இல்லை, கஞ்சிகூட வாங்கி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் வேறொரு படகிலிருந்து அவருடைய ஊர்க்காரர் வந்து ஒரே நிமிடத்தில் சொன்னார், இவன் பேசுவது எங்கள் மொழியே இல்லை என்று. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது எப்போதோ கடந்துவிட்டது. பிறகு என்னிடம் வந்தார். எனக்கு ஒடியா தெரியாது. செல்பேசியில் அவருடைய அக்காவை முகம் பார்த்துப் பேசவைத்து, அந்த அம்மா அங்கிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, இவர் இங்கே உதட்டைக் குவிக்க, நடுவில் சமிக்ஞை போய்விடும். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வெளிமாநிலத்தவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளே, செங்கல் சூளைக்காரர்களே, கட்டட ஒப்பந்தக்காரர்களே, படகு உடைமையாளர்களே: உங்கள் ஆள் திடீரென்று வேறு மாதிரி ஆனால் மொழி தேவையில்லை. நீங்கள் பல்லைக் காட்டிச் சிரித்துக் காட்டுங்கள்; அவரும் சிரிக்கட்டும், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா பாருங்கள். நீங்கள் இரு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். அவரும் நீட்டட்டும், ஒரு கை கீழே இறங்குகிறதா பாருங்கள். அவர் மொழி தெரிந்த ஒருவரைச் செல்பேசியில் பிடித்து, பேச்சு சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று தவறினாலும் 108. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்கவே கூடாது.

அப்புறம் திக்குவாய். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. நாக்கில் வசம்பு தேய்த்தாலோ கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசினாலோ அது போகாது, விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவனுக்கு ஊர் கருங்கல். ‘க’வில் சிக்கிக்கொள்வான். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அதனால் இரண்டு வருடமாகப் புதுக்கடைக்கு டிக்கெட் வாங்கி கருங்கல்லில் இறங்கிக்கொண்டிருந்தான். நாம் அரை நிமிடம் பொறுக்காததற்கு அவன் தினமும் காசு கொடுத்திருக்கிறான். அவனுடைய வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். “பதறாதே, மூச்சை இழுத்து விடு, பைய சொல்லு” என்று உபதேசமும் வேண்டாம். சும்மா கேட்டுக்கொண்டு நில்லுங்கள்.

காது கேட்பவரிடம் கத்தாதீர்கள். அஃபேசியா உள்ளவரிடம் சத்தத்தைக் கூட்டினால் புரிதல் கூடாது, பயம்தான் கூடும். காது கேளாதவரிடம்கூடக் கத்தினால் சொல் சிதைகிறது. வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி நின்று, நிதானமாகப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. “தக்கலையா, மார்த்தாண்டமா?” என்று இரண்டைக் கொடுத்து விரலால் காட்டச் சொல்லுங்கள். கூட வந்த மகனிடம் “இவருக்கு என்ன செய்யுது?” என்று கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள், மகன் காத்திருக்கட்டும். புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டவும் வேண்டாம், அது அவருக்கு உடனே தெரிந்துவிடும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரிசைப்படுத்தும் 21 குறைபாடுகளில் பேச்சு மொழிக் குறைபாடும் ஒன்று. நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அடையாள அட்டை வாங்க முடியும். குடும்பத்தார் வெட்கப்படாமல் விண்ணப்பியுங்கள்.

வியாழக்கிழமை அந்தக் கொத்தனார் மறுபடி வந்தார், மனைவியோடு. சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை எழுதினோம். ஒவ்வொரு வரியையும் நான் வாசித்துக் காட்ட, அவர் கட்டை விரலைக் காட்டினார். ‘எனக்குப் பக்கவாதம் வந்தது.’ சரி. ‘நீங்கள் சொல்வது எனக்குப் புரியும்.’ இரண்டு தடவை கட்டை விரல். ‘நான் போக வேண்டிய இடம் தக்கலை.’ சரி. கடைசியாக ‘தயவுசெய்து எனக்கு உதவுங்கள்’ என்று எழுதியிருந்தேன். அதன் மேல் இடது கைச் சுட்டுவிரலை வைத்து, “நாளைக்கு” என்று மறுப்பாகத் தலையை ஆட்டினார். எழுத்து சிறிதாக இருக்கிறதோ என்று பெரிதாக எழுதினேன். மறுபடியும் தலையை ஆட்டினார். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, இடது கையால், கோணலாக, அந்த வரியை மட்டும் அடித்தார்.

மனைவியைப் பின்னால் வரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வடசேரிக்குக் கிளம்பினார்.