பிரேக் காலைவாருவது முதலில் காலுக்குத்தான் தெரியும்

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முதன்முதலாக என் காரை ஓட்டியபோது மூன்று சுற்று வரை எல்லாம் ஜோர். நான்காவது சுற்றில் நேர்பாதை முடிகிற இடத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே போகிறது. இரண்டு முறை பம்ப் அடித்த பிறகு ஏதோ கொஞ்சம் பிடித்தது, ஆனால் அதற்குள் கார் வளைவை விட்டு விலகி மண்ணில் இறங்கியிருந்தது. போன மாதம்தானே புது பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கிற கட்டை) போட்டோம் என்று எரிச்சல். அப்புறம்தான் தெரிந்தது, பேட் மேல் தப்பே இல்லை.

பிரேக் என்பது ஒருவகை அடுப்பு. காரின் வேகத்தை வெப்பமாக்குகிறது, அவ்வளவுதான். ஆளோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் 140 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால் சுமார் 680 கிலோஜூல் வெப்பம் வரும். இரண்டேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்க அது போதும். அவ்வளவும் மூன்று நான்கு நொடியில், பெரும்பங்கு முன் சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகளில் இறங்குகிறது. ஊருக்குள் ஒரு தடவை அழுத்திப் பிடித்தால் அடுத்த சிக்னலுக்குள் ஆறிவிடும்; டிராக்கில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும்.

இந்தச் சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பேடில் உள்ள பொடிகளை ஒட்டிப் பிடித்திருப்பது ஒரு பிசின். அது தாங்கும் அளவைத் தாண்டினால் சிதைந்து வாயுவைக் கக்கும், உராய்வு குறையும். அப்போது பெடல் கல் மாதிரி கெட்டியாகத்தான் இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் கார் மட்டும் நிற்காது.

எனக்கு நடந்தது மற்றது. பெடலில் மிதிக்கிற அழுத்தத்தைக் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுபோவதை பிரேக் ஆயில் என்று மெக்கானிக் கடையில் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை, பெரும்பாலும் கிளைகால் வகைத் திரவம். மழைக்காலத்து உப்பு ஜாடி போல ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது; அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தர அளவே 155 டிகிரிதான். கொதித்தால், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற காலிபருக்குள் ஆவிக் குமிழ் வரும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைத் தாராளமாகச் சுருக்கலாம், அதனால் நாம் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. என் காரில் இருந்தது நான்கு வருட ஆயில், அதுவும் சென்னைக் காற்றில்.

ஆகவே டிராக்குக்குப் போகிறவர் முதலில் காசு போட வேண்டியது புது ஆயிலுக்கு. டாட் 5.1 போடலாம், 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயிலும் கிடைக்கிறது. ஆனால் டாட் 5 பக்கம் போகாதீர்கள், எண் பக்கத்தில் இருந்தாலும் அது சிலிக்கான், இதோடு கலக்கவே கூடாது. அடுத்தது டிராக் பேட். அதிகச் சூட்டைத் தாங்கும், ஆனால் சூடேறாதபோது சரியாகக் கவ்வாது, கிறீச்சிடும், தினமும் ஆபீஸ் போகிற காருக்கு அது தொல்லை. ஓட்டை போட்ட டிஸ்க் அழகுக்குச் சரி, அந்த ஓட்டைகளைச் சுற்றித்தான் வெடிப்பு ஆரம்பிக்கும் என்பதால் நான் வாங்க மாட்டேன்.

செலவே இல்லாத வழியும் இருக்கிறது. வெப்பம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், நேர்பாதை முடிவில் 140-க்குப் பதில் 130-ல் வந்தாலே அந்த ஒரு பிரேக்கிங்கில் வெப்பம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பயந்து பயந்து நீளமாகத் தேய்த்துக்கொண்டே போகாமல், ஒரே தடவை அழுத்தமாகப் பிடித்து விட்டுவிட்டால் டிஸ்க்குக்கு ஆறவும் நேரம் கிடைக்கும். கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாத குறையாக மெதுவாக ஓட்டுங்கள். சூட்டோடு நிறுத்தினால் காற்று படாமல் டிஸ்க்கின் வெப்பம் காலிபருக்கு ஏறி, நின்ற இடத்திலேயே ஆயில் கொதிக்கலாம். ஹேண்ட் பிரேக்கையும் போட வேண்டாம், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

நான் இப்போதெல்லாம் நேர்பாதை முடியும் முன்பே இடது காலால் பெடலை லேசாக ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் கீழே போனாலும் அந்தச் சுற்றோடு உள்ளே வந்துவிடுவேன்.