டவுட், சஸ்பெக்ட்: சீன மாணவர்களைத் தடுக்கி விழவைக்கும் இரண்டு வினைச்சொற்கள்

ஓர் அலுவலகத்தில் பணம் காணாமல் போகிறது. விசாரணையில் ஒருவர் சக ஊழியரைப் பற்றி, 'ஐ டவுட் ஹி டுக் இட்' என்கிறார். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் காதுக்கு இது ஆதரவு வாக்கு: 'அவர் எடுத்திருக்க மாட்டார்.' பேசியவர் சீனாவில் ஆங்கிலம் படித்தவராக இருந்தால், 'அவர்தான் எடுத்திருப்பாரோ என்று சந்தேகம்' என்று சொல்ல நினைத்திருக்கலாம். அதற்கு ஆங்கிலத்தில் சஸ்பெக்ட் என்ற வேறு வினைச்சொல் வேண்டும். ஒரே வாக்கியம், ஆனால் ஒருவர் கணக்கில் அந்த ஊழியர் நிரபராதி, இன்னொருவர் கணக்கில் திருடன்.

இரண்டு சொற்களிலும் நிச்சயமின்மை இருக்கிறது. மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் வேறுபாடு. டவுட் என்றால் 'இல்லை' பக்கம். சஸ்பெக்ட் என்றால் 'ஆமாம்' பக்கம். 'ஐ டவுட் ஹி இஸ் ஸிக்' என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை என்பதை நம்ப முடியவில்லை. 'ஐ சஸ்பெக்ட் ஹி இஸ் ஸிக்' என்றால் அவருக்கு ஏதோ உடம்புக்கு வந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

சீன மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: ஹுவாய்யி. சீன அகராதிகளே இதற்கு 'அவ்வளவாக நம்பாமல் இருத்தல்', 'ஊகித்தல்' என்று இரண்டு பொருள் தருகின்றன. அப்படியானால் சீனர்கள் தங்களுக்குள் எப்படிக் குழம்பாமல் பேசிக்கொள்கிறார்கள்? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹுவாய்யிக்குப் பின்னால் திறமை, நேர்மை, உண்மை மாதிரி நல்ல விஷயம் வந்தால் பெரும்பாலும் 'நம்பவில்லை' என்று பொருள். திருடினான், பொய் சொன்னான் என்று கெட்ட விஷயம் வந்தால் 'அப்படித்தான் இருக்கும்' என்று பொருள். அதாவது மனம் எப்போதும் விரும்பத்தகாத பக்கமே சாய்கிறது. 'அவன் திறமையை ஹுவாய்யி' என்றால் திறமை இல்லை என்ற எண்ணம். 'அவன் திருடியதாக ஹுவாய்யி' என்றால் திருடினான் என்ற எண்ணம். நல்லதா கெட்டதா என்று பார்த்தாலே சாய்வு தெரிந்துவிடுவதால், அதைக் காட்டத் தனிச் சொல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இரண்டையும் தாங்கி நிற்பது ஒரே தர்க்கம்தான், அதுவும் சீரான தர்க்கம்.

தமிழர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. 'அவர் வருவது சந்தேகம்தான்' என்றால் வரமாட்டார். 'அவன்தான் எடுத்திருப்பானோன்னு சந்தேகம்' என்றால் எடுத்திருப்பான். நாமும் ஒரே சொல்லைத்தான் இரண்டு பக்கமும் ஓட்டுகிறோம்.

சரி, சில வருடம் ஆங்கிலத்திலேயே புழங்கினால் இது தானாகச் சரியாகிவிடாதா? மொழியியலாளர் நான் ஜியாங் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, அது அவ்வளவு எளிதல்ல என்று காட்டுகிறது. ஆங்கிலம் தெரிந்த சீனர்களுக்கு ஆங்கிலச் சொற்களை ஜோடி ஜோடியாகக் காட்டி, இரண்டும் பொருளில் தொடர்புடையவையா என்று கேட்டார். சில ஜோடிகளுக்குச் சீனத்தில் ஒரே மொழிபெயர்ப்பு. எடுத்துக்காட்டாக, ப்ராப்ளம், க்வெஸ்சன் இரண்டுக்குமே வென்டி என்ற ஒரே சொல். மற்ற ஜோடிகளைவிட இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு அவர்கள் வேகமாகத் 'தொடர்பு உண்டு' என்றார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. சோதனையில் சீனச் சொல் எதுவுமே கண்ணில் படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லின் ஒலியும் எழுத்தும் மனதில் ஏறிவிட்ட பிறகும், அதன் பொருள் தாய்மொழிச் சொல்லிடமிருந்தே வருகிறது என்பது ஜியாங்கின் விளக்கம்.

தவறு வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்வதற்கும் காரணம் இருக்கிறது. 'நோ டவுட்' என்பதும் 'சந்தேகமே இல்லை' என்ற பொருளுடைய சீனத் தொடரும் அச்சாகப் பொருந்துகின்றன. 'ஐ டவுட் ஹிஸ் எபிலிட்டி' என்பதும் பொருந்துகிறது. பத்து இடத்தில் சரியாக இருக்கும் சொல்லை யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

பள்ளிப் பாடமும் இதில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. உடன்பாட்டு வாக்கியத்தில் டவுட்டுக்குப் பின் வெதர் (whether), எதிர்மறையில் தட் (that) என்ற விதியைச் சீன மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் கோடிட்ட இடம் நிரப்ப அது போதும். ஆனால் 'ஐ டவுட் தட்' என்று தொடங்கும் உடன்பாட்டு வாக்கியங்களை ஆங்கிலேயர்கள் தினமும் சொல்கிறார்கள். அதைவிட, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற முக்கியமான விஷயத்தை அந்த விதி தொடவே இல்லை.

ஆங்கிலமும் எப்போதும் இப்படித் தெளிவாகப் பிரித்து வைத்திருந்த மொழி அல்ல. டவுட்டின் மூலம் லத்தீனின் டுபிடாரே. இரண்டு என்ற எண்ணோடு உறவுள்ள சொல், இரண்டு மனமாகத் தவிப்பது. பிரெஞ்சு வழியாக வந்தபோது அதில் 'அஞ்சுதல்' என்ற பொருளும் ஒட்டியிருந்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில், தந்தையின் ஆவி நடமாடுவதாகக் கேள்விப்பட்ட ஹாம்லெட், ஏதோ சதி நடந்திருப்பதாக 'டவுட்' செய்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் அங்கே சஸ்பெக்ட்தான் வரும். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'ஐ டவுட் இட்ல் ரெய்ன்' என்றால் மழை வந்துவிடும் போலிருக்கிறது என்றே பொருள். சீன மாணவர் செய்யும் 'தவறு' ஒரு காலத்தில் நல்ல ஆங்கிலம்.

மாற்று வழி சீன அகராதிக்குள்ளேயே கிடக்கிறது. டவுட்டை ஹுவாய்யி என்று சொல்லித் தராமல், 'அவ்வளவாக நம்பவில்லை' என்ற பொருளுடைய பு தாய் ஷியாங்ஷின் என்று சொல்லித் தரலாம். ஹுவாய்யியை சஸ்பெக்ட்டுக்கு மட்டும் விட்டுவிடலாம். அப்புறம், வாக்கியத்தில் டவுட் இருக்கும் இடத்தில் 'டோன்ட் திங்க்' போட்டுப் படித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். 'ஐ டோன்ட் திங்க் ஹி டுக் இட்' என்று படித்தால், பணம் எடுத்ததாக அந்த ஊழியர் மேல் பழி விழ வழியே இல்லை.