விசுவாசப் பிரமாணம்: சொல் விளக்கம்

சீர்திருத்தக் கிறிஸ்தவச் சபைகளின் ஞாயிறு வழிபாட்டில் பிரசங்கத்தை ஒட்டி சபையார் எல்லோரும் எழுந்து நின்று, ‘சர்வவல்லமையுள்ள பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்’ என்று ஒரே குரலில் சொல்வார்களே, அதற்குப் பெயர்தான் விசுவாசப் பிரமாணம். கத்தோலிக்கர் ‘நம்புகிறேன்’ என்பார்கள். அவர்களுடைய பழைய செபப் புத்தகங்களில் இதன் பெயர் விசுவாச மந்திரம். இன்று நம்பிக்கை அறிக்கை. இரு சபையாரும் சேர்ந்து கூடுகிற வழிபாட்டில் இதைச் சொல்லத் தொடங்கினால் முதல் வரியிலேயே ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

விசுவாசம், பிரமாணம் இரண்டுமே வடசொற்கள். பிரமாணம் என்றால் அளவு, அளவுகோல், சான்று. நீதிமன்றத்தில் எடுக்கும் சத்தியப் பிரமாணத்தால் இன்று ‘உறுதிமொழி’ என்ற பொருள் முன்னுக்கு வந்துவிட்டது. சபை வழக்குக்குப் பொருந்துவது பழைய பொருளான அளவுகோல்தான். ஒரு போதனை சபையின் விசுவாசத்துக்குள் அடங்குமா, வெளியே போகிறதா என்று இதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்க்க வேண்டிய நெருக்கடி நான்காம் நூற்றாண்டில் வந்தது. அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் என்ற குரு, குமாரனும் (இயேசு கிறிஸ்துவும்) படைக்கப்பட்டவரே, அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்தார். கி.பி. 325-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் (இன்றைய துருக்கியின் இஸ்னிக்) ஆயர்களைக் கூட்டினார். அங்கே எழுதிய அறிக்கையில், குமாரன் பிதாவோடு ‘ஒரே தன்மையுடையவர்’ என்ற பொருள்படும் ‘ஹோமோஊசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைச் சேர்த்தார்கள். அது வேதாகமத்தில் இல்லாத சொல். வேதத்தில் இல்லாததை ஏன் சொல்ல வேண்டும் என்று பல்லாண்டுகள் சண்டை நடந்தது; இதை விட்டுக்கொடுக்காத அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 381-ல் ஆயர்கள் மீண்டும் கூடிய கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் விரிந்த வடிவமே இன்று நிசேயா விசுவாசப் பிரமாணம் என்று சபைகளில் வழங்குகிறது. சிறியதான அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், ரோமில் ஞானஸ்நானத்தின்போது கேட்ட கேள்வி பதிலிலிருந்து வளர்ந்தது.

லத்தீனில் இதற்கு ‘கிரேதோ’ என்று பெயர். முதல் சொல்லே பெயராகிவிட்டது, பொருள் ‘நம்புகிறேன்’. நிசேயாவில் எழுதிய கிரேக்க வாசகமோ ‘நம்புகிறோம்’ என்று பன்மையில் தொடங்குகிறது. சங்கத்தில் கூடியவர்கள் சேர்ந்து சொன்னதால் பன்மை; ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் வாயால் சொல்வதால் ஒருமை. கூடி நின்று ஒருமையில் சொல்வது இப்படித்தான் வழக்கமானது.

தமிழுக்கு இது வந்த கதை சுவையானது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மொழி தெரிந்தவர்களைக் கூட்டி வைத்துச் செபங்களை மொழிபெயர்த்தார். ஞாயிறுதோறும் பிரமாணத்தை ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி ‘விசுவசிக்கிறீர்களா?’ என்று கேட்பாராம். மக்கள் கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு உரத்த குரலில் பதில் சொல்வார்களாம். ஆனால் மொழிபெயர்ப்பில் ஒரு தவறு இருந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது! 1544-ல் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், ‘வேணும்’ என்றால் விருப்பம்தான், அதை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள் என்று திருத்துகிறார். அச்சில் தமிழெழுத்து வருவதற்கு முன்பே நடந்த பிழைதிருத்தம் இது.

சரி, தகுந்த தமிழ்ச்சொல் எது? ‘விசுவாசம்’ பேச்சுத்தமிழில் எஜமான விசுவாசமாகவும் நாயின் நன்றியாகவும் மாறிவிட்டது. ‘நம்பிக்கை’ தெளிவாக இருக்கிறது. ‘அறிக்கை’ என்றதும் சிலருக்கு வானிலை அறிக்கை நினைவுக்கு வரலாம். ஆனால் ‘வாயினாலே அறிக்கையிடுதல்’ என்பது ரோமர் 10-ஆம் அதிகாரம் வழியே சபைக்குப் பழகிய சொல். பலர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்வது என்ற பொருளும் அதில் இருக்கிறது.

1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மெனில் கூடியவர்கள் செய்ததும் இதுதான். நாஜி அரசின் கொள்கையைச் சபைக்குள் நுழைத்தவர்களை எதிர்த்து, சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று அறிவித்தார்கள். முக்கியமாக எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். அந்த இயக்கத்தின் பெயரே ‘அறிக்கையிடும் திருச்சபை’. இதைப் ‘பிரமாணச் சபை’ என்று சொல்லிப் பாருங்கள், பொருந்தவே பொருந்தாது.

எனவே புதிதாக எழுதுகிறவர்கள் ‘நம்பிக்கை அறிக்கை’ என்றே எழுதலாம். சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டு முறையைக் குறிக்கும்போது மட்டும் அங்கே புழங்கும் ‘விசுவாசப் பிரமாணம்’ என்ற பெயரை அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றினால் எதைச் சொல்கிறீர்கள் என்று சபையாருக்கே தெரியாது.