இரட்டை அடைப்புக்குறி எங்கே போனது?

"இதுல படமே இல்ல மேடம். துப்பாக்கி இல்ல, கார் இல்ல. வெறும் எழுத்து. கேட்டா விளையாடுறேன்னு சொல்றா. இது என்ன விளையாட்டு?"

போன ஆண்டு ஓர் அம்மா மகளின் போனை என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டது இது. மகள் பத்தாம் வகுப்பு. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அழுகையும் நிற்கவில்லை. காதல் விவகாரமோ என்று வீட்டில் பயந்துபோயிருந்தார்கள். பொறுமையாகப் பேசியபோது தெரிந்தது, செத்துப்போனது ஒரு கதாபாத்திரம். அவளுடைய பாத்திரத்தோடு ஏழு மாதமாகக் கதையில் கூடவே நடந்து வந்த ஒரு போர்வீரன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்த எழுத்து விளையாட்டோடு வருகிற பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். பிள்ளைகள் இதை 'ஆர்பி' என்பார்கள், ரோல்பிளேயின் சுருக்கம். ஒருவர் தன் பாத்திரம் செய்வதை நாலு வரி எழுதுவார், அடுத்தவர் தன் பாத்திரத்தின் பதிலை எழுதுவார், கதை அப்படியே வளரும். இது புதிதும் இல்லை. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற விளையாட்டும் முழுக்க எழுத்தால் ஆனதுதான். இன்றைக்கு இது பெரும்பாலும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நடக்கிறது.

புதிதாக வரும் பிள்ளை எப்படி ஆடும் தெரியுமா? "நான் வாளை வீசினேன். உன் தலை உருண்டது." அவ்வளவுதான். எதிராளியின் தலை உருண்டதா இல்லையா என்பதை எதிராளி அல்லவா சொல்ல வேண்டும்? இதற்குக் 'காட்மாடிங்' என்று பெயர். எல்லாருடைய விதியையும் நானே எழுதுவேன் என்று கடவுள் இடத்தில் உட்கார்ந்துகொள்வது. கூட ஆடுபவர்கள் கடுப்பாவார்கள், சண்டை வரும், சில சமயம் குழுவை விட்டே தூக்கிவிடுவார்கள். பெற்றோர் பிள்ளையை என்னிடம் கூட்டிவருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

அதே பிள்ளை ஓர் ஆண்டு கழித்து எழுதுவதைப் பாருங்கள். "அவன் இடது தோளைக் குறிவைத்து வாளை வீசினாள். நேற்றைய காயத்தில் கால் தளர்ந்திருந்தது, வீச்சு கொஞ்சம் தாழ்ந்தே போனது." பட்டதா, படவில்லையா? சொல்லவில்லை. அதை அடுத்தவரின் கையில் கொடுத்துவிட்டாள். அவர் தப்பிப்பதற்கு ஒரு வழியையும், தன் பாத்திரம் தோற்பதற்கு ஒரு காரணத்தையும் சேர்த்தே கொடுத்திருக்கிறாள். பதினைந்து வயதில் இது சாதாரணத் திறமை இல்லை. அடுத்தவர் மனதில் என்ன ஓடும் என்று யோசித்து, அவருக்கு இடம் விட்டு, பதிலுக்கு இரண்டு நாள்கூடக் காத்திருக்கப் பழகியிருக்கிறாள். திக்குவாயால் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், இந்த ஆட்டத்தில் ஆறு பேர் கொண்ட கதையை நடத்தும் கேம் மாஸ்டராக ஆனதைப் பார்த்திருக்கிறேன். பின்னாளில் தான் எழுதியதை என் அறையில் அவனே வாசித்துக் காட்டினான். திக்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

ஆட்டக்காரர்களைப் பல ஆண்டுகள் கவனித்த பார்ட்டில், 1996இல் அவர்களை நான்கு வகையாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரே ஆள் காலப்போக்கில் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதையும் பின்னர் விளக்கினார். வழக்கமான வரிசை இது: முதலில் மற்றவர்களைச் சீண்டிப் பார்ப்பது, அப்புறம் அந்த உலகத்தைச் சுற்றி அறிவது, அப்புறம் சாதிப்பது, கடைசியில் அங்கிருக்கும் மனிதர்களுக்காகவே தங்கிவிடுவது. எல்லாப் பிள்ளையும் இந்த வரிசையில் போவதில்லை. ஆனால் நான் பார்த்தவரை, அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பெற்றோர் நிம்மதியாகிறார்கள். சண்டை இல்லை, ஆங்கிலத்தில் மதிப்பெண் கூடியிருக்கிறது, பிள்ளை அமைதியாக ஏதோ எழுதுகிறது. நான் விழித்துக்கொள்வது அங்கேதான்.

ஏனென்றால் நன்றாக எழுதும் பிள்ளைதான் பாத்திரத்துக்குள் ஆழமாக இறங்கும். பாத்திரத்தின் கோபமும் துக்கமும் ஆடுபவருக்குள் கசிவதை ஆட்டக்காரர்களே 'ப்ளீட்' என்கிறார்கள். கசிவு தவறு இல்லை, நல்ல கதை படித்தாலும் அழுகிறோம். வெளியே வரத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் சொன்ன அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணோடு உட்கார்ந்து, அவள் அனுமதியோடு, பழைய பதிவுகளைப் பார்த்தேன். இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரமாக இல்லாமல் தன் சொந்தக் குரலில் பேச வேண்டும் என்றால் இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். ஆறு மாதத்துக்கு முன் அவள் எழுதியதில் பக்கத்துக்குப் பக்கம் அது இருந்தது. ((அம்மா கூப்பிடுறாங்க, சாப்பிட்டு வரேன்)). ((இந்தச் சீன் எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு, வேற மாதிரி போகலாமா)). ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் தருகிறேன். மாதங்கள் நகர நகர அது குறைந்துகொண்டே வந்தது. கடைசி மூன்று வாரத்தில் ஒன்றுகூட இல்லை. எழுத்து மட்டும் அவ்வளவு அழகாக இருந்தது. அந்த வீரன் சாகும் காட்சியை இரவு 2 மணிக்கு எழுதியிருக்கிறாள். கூட ஆடியவர் இருந்த நியூயார்க்கில் அப்போது மாலை நான்கு மணி வாக்கில் இருக்கும், பள்ளி விட்டு வரும் நேரம்.

மணிக்கணக்கை மட்டும் எண்ணாதீர்கள் என்று நான் பெற்றோரிடம் சொல்வது இதனால்தான். பாத்திரத்தை விட்டு வெளியே வந்து பேசுகிறாளா என்று பாருங்கள். இதற்குப் பிள்ளையின் போனைத் திருட்டுத்தனமாகத் திறக்க வேண்டியதில்லை. "உன் ஆள் இப்ப கதையில எங்க மாட்டியிருக்கா?" என்று கேளுங்கள். "அவள் காட்டில் மாட்டியிருக்கா" என்று சொன்னால் சரி. "நான் மாட்டியிருக்கேன், என்னை விடமாட்டாங்க" என்று எப்போதும் தானே அந்தப் பாத்திரம் என்பதுபோலப் பேசினால், அதுவும் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், ஓர் ஆலோசகரைப் பாருங்கள். உடனே அடிக்ஷன் என்று முத்திரை குத்த வேண்டாம். கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகிப்போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை விளையாட்டுக் கோளாறு என்கிறது.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். எழுத்தில் வயது தெரியாது. நன்றாக எழுதும் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பெரியவர் என்று நினைத்துப் பெரியவர்களுக்கான கதைக்குள் இழுப்பவர்கள் உண்டு. பிள்ளை என்று தெரிந்தே இழுப்பவர்களும் உண்டு. "நீ மத்தவங்க மாதிரி இல்ல, உன் எழுத்தே தனி" என்று பாராட்டு தொடங்கும். அப்புறம் பொதுக் குழுவிலிருந்து தனிச் செய்திக்கு அழைப்பு வரும். அப்புறம் "இது கதைதானே" என்று காட்சி மாறும். கடைசியில் பாத்திரத்தின் படத்துக்குப் பதில் பிள்ளையின் படத்தைக் கேட்பார்கள். எழுத்துதானே என்று யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1993இல் லாம்ப்டாமூ என்ற எழுத்து உலகத்தில் ஒருவர் மற்றவர்களின் பாத்திரங்கள் மீது அவர்கள் விருப்பமில்லாமல் பாலியல் வன்முறையை எழுதினார். பாதிக்கப்பட்டவர்களின் வேதனை நிஜமாகவே இருந்தது. இப்படி ஏதாவது நடந்தால் பதிவை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் தரலாம். மனநல உதவிக்கு டெலிமானஸ், 14416.

ஒரே இரவில் ஆப்பை நீக்கிவிடும் பெற்றோரிடம் எனக்கு வருத்தம் உண்டு. அவர்கள் பயம் புரிகிறது. ஆபத்து என்று உறுதியாகத் தெரிந்தால் நிறுத்தத்தான் வேண்டும். இல்லையென்றால், பிள்ளைக்கு அது சொல்லாமல் கொள்ளாமல் நண்பர்களைப் பறிகொடுப்பது. தன் பாத்திரத்துக்கு ஒரு முடிவோ ஓய்வோ எழுதிவிட்டு வர நேரம் கொடுங்கள்.

அந்தப் பெண்ணோடு நாலாவது சந்திப்பு என்று நினைவு. அம்மாவும் பக்கத்தில் இருந்தார். போனை எடுத்தாள், இரண்டு அடைப்புக்குறி போட்டாள், ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுதினாள். ((எனக்குப் பரீட்சை வருது, ஒரு மாசம் வரமாட்டேன். அவன் செத்தது எனக்கு நிஜமாவே கஷ்டமா இருந்துச்சு. சொல்லணும்னு தோணுச்சு)). நியூயார்க்கில் அப்போது விடிந்திருக்கவில்லை. பதில் மாலையில் வந்ததாக அம்மா அனுப்பியிருந்தார். அதுவும் இரட்டை அடைப்புக்குறிக்குள்தான் இருந்தது. ((எனக்கும். நீ கேட்கவே இல்லையேன்னு நினைச்சேன்)).