விடியலில் புளிக்கும் கள்ளி

பாளையங்கோட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மொட்டைமாடியில் டிரம்மில் வைத்த டிராகன் பழச் செடி, சித்திரை பிறந்ததும் மேற்குப் பக்கம் மட்டும் மஞ்சளடித்து, அப்புறம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. வெயில் தாங்கும் கள்ளி என்று சொல்லித்தானே நர்சரியில் கொடுத்தார்கள்? தண்ணீர் பற்றவில்லையோ என்று இரண்டு வேளையும் ஊற்றினேன். இப்போது அடித்தண்டு கொழகொழவென்று இருக்கிறது. என்ன தப்பு நடந்தது?"

தப்பு இரண்டு. வெளுத்தது வெயிலால், அழுகியது தண்ணீரால். இந்த இரண்டாவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கள்ளியின் வேர் மேலாகவே ஓடும், அதற்குக் காற்று வேண்டும். ஈரம் காயாத மண்ணில் மூச்சு முட்டிச் செத்துவிடும். முதல் தப்பில்தான் சுவாரசியம் இருக்கிறது. ஏனென்றால் மத்தியானம் தெரியும் அந்த வெள்ளைத் திட்டுக்கான வேலை முந்தின நாள் ராத்திரியே தொடங்கிவிடுகிறது.

டிராகன் பழம் கள்ளிக் குடும்பம்தான், ஆனால் பாலைவனத்துக் கள்ளி கிடையாது. தெற்கு மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மரத்தைப் பற்றி ஏறி, இலைகளுக்கிடையே வடிந்து வரும் வெளிச்சத்தில் வாழும் காட்டுக்கொடி. பாபநாசம் மலையில் மரத்தின் மேல் தொற்றி வளரும் ஆர்க்கிட் மாதிரி ஒரு பிழைப்பு. அதைக் கொண்டுவந்து, மே மாதம் 40 டிகிரியைத் தொடும் ஊரில், சிமெண்டுத் தளத்தின் மேல், நிழலே இல்லாமல் நிறுத்தி வைக்கிறோம். பச்சையாக, முள்ளோடு இருப்பதால் எல்லாம் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஒளிச்சேர்க்கை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். இலைத்துளை திறக்கும், கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகும், வெயிலின் சக்தியில் அது சர்க்கரையாகும். திறந்த துளை வழியே தண்ணீர் ஆவியாகிப் போவது இதற்குக் கொடுக்கும் விலை. 1 கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க நெல் போன்ற பயிர் 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கிறது. சோளத்துக்கு 250 முதல் 300 கிராம். டிராகன் பழத்துக்கும் அன்னாசிக்கும் கற்றாழைக்கும் 50 முதல் 100 கிராம் போதும்.

இவ்வளவு சிக்கனம் எப்படி வந்தது? இந்தச் செடிகள் பகலில் துளையை மூடிவிட்டு, வெக்கை தணிந்த ராத்திரியில் திறக்கின்றன. ஆனால் ராத்திரியில் வெயில் இல்லையே, உள்ளே வந்த வாயுவை என்ன செய்வது? புளிப்பாக மாற்றிச் சேர்த்து வைப்பதுதான் வழி. பெப் கார்பாக்ஸிலேஸ் என்ற நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, கடைசியில் மாலிக் அமிலமாக மாற்றுகிறது. பச்சை ஆப்பிளின் புளிப்பு இதே அமிலம்தான். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் வாக்குவோல் என்ற பெரிய தண்ணீர்ப் பை உண்டு. விடிய விடிய அமிலம் அந்தப் பைக்குள் இறங்குகிறது. விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்ளும். பையிலிருந்து அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து உடைந்து, கார்பன் டை ஆக்சைடைத் திருப்பிக் கொடுக்கும். மூடிய வீட்டுக்குள்ளேயே சமையல் நடக்கும். குளிர்ந்த நேரத்தில் சந்தைக்குப் போய் வந்துவிட்டு, மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு மூட்டுகிற வீடு மாதிரி.

இந்தப் புளிப்பை ஆரம்பத்திலேயே கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். பெஞ்சமின் ஹெய்ன் தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்தவர், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளர். ரணகள்ளி இலையைக் கடித்துப் பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு, மத்தியானம் ருசியே இல்லை, சாயங்காலம் லேசான கசப்பு என்று அவர் எழுதிய கடிதம் 1813இல் லண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டது. ரணகள்ளியும் மடகாஸ்கரிலிருந்து வந்த வெளிநாட்டுச் செடிதான். அதன் குடும்பப் பெயரான கிராசுலேசியேவை வைத்துத்தான் இந்த முறைக்கே பெயர் வைத்தார்கள்: கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம், சுருக்கமாகக் கேம் (CAM).

நாக்கில் வைத்துச் சோதிக்க வேண்டாம், ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் போதும். விடியற்காலை ஆறு மணிக்கு டிராகன் தண்டில் 5 கிராம் வெட்டி, முள் நீக்கி, 50 மில்லி தண்ணீரில் அரைத்துத் துணியில் பிழியுங்கள். அதில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். ஆரத்தித் தட்டில் வருகிற அந்தச் சிவப்பு வந்து, கலைந்து போகாமல் நிற்கும்போது எத்தனை மில்லி ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே செடியில், அதே அளவு வெட்டி, அதே மாதிரி செய்யுங்கள். காலைச் சாற்றைச் சிவக்க வைக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் கூடுதல்தான் ராத்திரிச் சம்பாத்தியம். சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் பட்டுவிடக் கூடாது, அது மட்டும் கவனம்.

தை மாதம் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை இதைச் செய்து பார்த்தால் பிரச்சினை கையில் கிடைத்துவிடும். டிராகன் பழச் செடிக்குப் பகல் 30, இரவு 20 டிகிரி இருந்தால் சேமிப்பு நன்றாக நடக்கும். நம் ஊர்க் கோடையில் ராத்திரிகூட 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கிறது. மாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை நடுச்சாமம் வரை கக்கிக்கொண்டிருப்பதால் டிரம் இருக்கும் இடத்தில் இன்னும் மோசம். ராத்திரி வெப்பம் ஏறினால் மூன்று சங்கதி நடக்கும். செடியின் சுவாசம் கூடி, சேர்த்ததில் ஒரு பங்கு செலவாகும். காற்று வறண்டால் ராத்திரியிலும் துளைகள் சரியாகத் திறக்காது. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாக்குவோல் பையின் சவ்வு சூட்டில் நெகிழ்ந்து, உள்ளே போன அமிலம் வெளியே கசியத் தொடங்கும். வெளியே அமிலம் தட்டுப்பட்டதும், பை நிறைந்துவிட்டது போலிருக்கிறது என்று பெப் நொதி வேலையை நிறுத்திவிடும். பை பாதிதான் நிறைந்திருக்கும். கடை அதற்குள் சாத்தியாயிற்று.

இப்போது மத்தியானத்துக்கு வருவோம். கையிருப்பு குறைவு, அதனால் அமிலம் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேற்கு வெயில் மட்டும் குறையாமல் விழுந்துகொண்டிருக்கும். பச்சையம் ஒளியைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது, அந்தச் சக்தியைச் செலவழிக்கக் கார்பன் டை ஆக்சைடு இல்லை. மிஞ்சிய சக்தி ஆக்சிஜன் மேல் பாய்ந்து, அது பச்சையத்தையே அரிக்கிறது. போதாக்குறைக்குத் துளைகள் மூடியிருப்பதால் வியர்த்துக் குளிர்ந்துகொள்ளவும் வழியில்லை, தண்டின் சூடு காற்றின் சூட்டைத் தாண்டிப் போகும். மேற்குப் பக்கம் வெளுப்பது இதனால்தான். வாசகி ஊற்றிய இரண்டு வேளைத் தண்ணீர் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

உலக நிலப்பரப்பைச் சராசரியாக எடுத்தால், பகலைவிட ராத்திரி வெப்பம் அதிகமாக ஏறியிருப்பது கடந்த எழுபது ஆண்டு வானிலைப் பதிவுகளில் தெரிகிறது. செய்தியிலோ "இன்று 41 டிகிரி" என்ற பகல் கணக்குதான் வருகிறது. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி மாதிரி இடங்களில், ஊருக்குள் மாடி மாடியாக ராத்திரி வெப்பத்தையும் செடியின் காலைப் புளிப்பையும் சேர்த்து அளக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை, மஞ்சளும் சுண்ணாம்பும் என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதே கேம் முறை நம் வாசல்படியிலும் தொங்குகிறது. திருஷ்டிக்கென்று தலைகீழாகக் கட்டிய கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதைக் காட்டி, பார் எவ்வளவு சக்தி என்பார்கள். சக்திதான், ஆனால் கண்ணேறு சம்பந்தப்பட்டதில்லை. ரொம்பக் காய்ந்தால் கேம் செடி இரவும் பகலும் துளையை மூடிக்கொண்டு, தான் விடும் மூச்சையே திரும்பத் திரும்பப் பிடித்து உயிரை வைத்திருக்கும். 'ராத்திரியிலும் ஆக்சிஜன் தரும் செடி' என்று வாட்ஸ்அப்பில் பாம்புக் கற்றாழை விற்கிறார்களே, அதுவும் அரைகுறைப் பேச்சு. ராத்திரி அது கார்பன் டை ஆக்சைடை எடுப்பது உண்மை. ஆக்சிஜன் வருவதற்கு வெளிச்சம் வேண்டும், அது பகலில்தான்.

ஆக, செய்ய வேண்டியது ராத்திரியைக் குளிர வைப்பதும், மத்தியானத்து ஒளியைக் குறைப்பதும். பங்குனி முதல் ஆனி வரை 50 சதவீத நிழல்வலை, மற்ற மாதங்களில் 35 சதவீதம். வலையைச் செடிக்கு இரண்டடி மேலே, மேற்குப் பக்கம் தொங்கலாகக் கட்டுங்கள். முடிந்தால் பொழுது சாய்ந்ததும் மேல்வலையைச் சுருட்டிவிடுங்கள், திறந்த வானத்தைப் பார்த்தால்தான் தண்டு சூட்டை விடும். டிரம்மைச் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள், சுற்றியுள்ள தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், சாயங்காலம் ஆறரை மணிக்கு இரண்டு வாளித் தண்ணீரைத் தளத்தில் தெளியுங்கள். செடிக்கு ஊற்றுவதைவிடத் தளத்தில் தெளிப்பது அதிகம் உதவும். வலை கட்ட வசதியில்லையென்றால் லிட்டருக்கு 50 கிராம் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து மேற்குப் பக்கத் தண்டில் தெளிக்கலாம், மழை கழுவினால் மறுபடியும். தோட்டத்தில் வைப்பவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், மேற்கே ஒரு வரிசை முருங்கை போதும். முருங்கை நிழல் அந்தக் காட்டு வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

200 லிட்டர் பீப்பாயை இரண்டாக அறுத்த பாதி ஒரு செடிக்கு நல்ல அளவு. அடியில் விரல் நுழையும் ஓட்டைகள் எட்டு, அதன் மேல் நான்கு விரல் உயரம் உடைசெங்கல். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒன்று, தேங்காய் மட்டைத் துண்டு ஒன்று. கரிசல் மண்ணைச் சேர்க்கவே வேண்டாம், தண்ணீரைப் பிடித்து வைத்து வேரைக் கொல்லும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மாதிரி மழை இனியும் வரும். அப்போது ஓட்டை அடைத்த டிரம் கிணறாகிவிடும். ஐப்பசிக்கு முன் கம்பியை விட்டு ஓட்டைகளைக் குத்திப் பாருங்கள். நடுவில் ஐந்தடி இரும்புக் குழாய், தலையில் குறுக்குக் கம்பி, அதன் மேல் பழைய பைக் டயர். ஆடிக்காற்றில் சாய்வது எப்போதும் குழாய்தான், அதைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான் தண்ணீர். போர்வெல்லில் உப்புத் தண்ணீர் என்றால் மாதம் ஒரு தடவை ஆற்றுத் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ அடியில் வழிய ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். தண்டில் தெளிக்கும் உரமென்றால் பொழுது சாய்ந்த பிறகு தெளிக்கலாம், துளைகள் அப்போதுதான் திறக்கும்.

பூ விஷயத்திலும் இது ராத்திரிச் செடிதான். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கு வைத்து, ராத்திரி சுருங்கும் மாதங்களில் மொட்டு விடுகிறது. வியட்நாமில் பல்பு எரித்து ராத்திரியை ஏமாற்றி, பருவம் தப்பியும் காய்க்க வைக்கிறார்கள். ராத்திரி விரிந்த பூ மறுநாள் வெயில் ஏறினதும் வாடிவிடும். சிவப்புச் சதை வகைகள் பலவற்றுக்குத் தன் மகரந்தம் ஆகாது. பக்கத்தில் வேறு வகை ஒன்று வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் தூரிகையால் மகரந்தத்தை எடுத்து சூல்முடியில் தடவிவிட்டால் ஏறத்தாழ முப்பது, முப்பத்தைந்து நாளில் பழம்.

கேள்வி கேட்ட வாசகிக்கு: அழுகின இடத்துக்கு மேலே நல்ல பச்சைத் தண்டில், பினாயிலில் துடைத்த கத்தியால் வெட்டுங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே போங்கள், வெள்ளையும் பச்சையுமாகத் தெரியும் வரை. ஒன்றரை அடித் துண்டுகளாக்கி, எது அடி எது நுனி என்று குறி போட்டு, நிழலில் ஏழு நாள் கிடத்துங்கள். வெட்டுவாய் தோல் கட்டியதும் இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, முதல் வாரம் தண்ணீரே காட்டாதீர்கள். மஞ்சளான பகுதி நிழலில் பச்சைக்குத் திரும்பும், வெள்ளையாகிக் காய்ந்த பகுதி திரும்பாது. ஆவணி வரை கீழே வேப்பமர நிழலிலேயே இருக்கட்டும். பழைய மண்ணை மறுபடி அந்த டிரம்மில் போட வேண்டாம்.