தவணையில் வரும் மழை

பிப்ரவரியில் ஊட்டிக்கு மேலே அவலாஞ்சி பக்கம் புல்வெளி பழுப்பேறிக் கிடக்கும். காலையில் புல் நுனியெல்லாம் உறைபனி. நல்ல மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஆனாலும் மலை மடிப்பில் ஒளிந்திருக்கும் சோலைக்குள்ளிருந்து கணுக்கால் ஆழத்துக்கு ஓடை ஒன்று சலசலத்து வந்துகொண்டிருக்கும். மழையே இல்லை, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சோலைக்குள் குனிந்து சருகை விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த இலை, அதன் கீழே பாதி மக்கியது, அதற்கும் கீழே காப்பித்தூள் போல கறுத்த மண். விரல்கள் சிரமமில்லாமல் உள்ளே இறங்கும். செத்த வேர்கள் விட்டுப்போன துளைகளும் மண்புழு குடைந்த வழிகளும்தான் காரணம். அடித்துப் பெய்யும் மழையை முதலில் இலைகள் வாங்கி உடைக்கின்றன, அப்புறம் சருகு வாங்குகிறது, மிச்சம் இந்தத் துளைகள் வழியே இறங்கிப் பாறைமேல் தேங்கி, சரிவுக்குள்ளேயே மெல்ல நகர்கிறது. ஜூலையில் விழுந்த மழை பிப்ரவரியில் ஊற்றாக எட்டிப் பார்ப்பது இப்படித்தான். போதாததற்கு, கிளையெங்கும் போர்த்தியிருக்கும் பாசி மூடுபனியைப் பிடித்துச் சொட்டச் சொட்ட இறக்கிவிடும்.

சரி, மரம் இருந்தால் தண்ணீர் என்று முடித்துவிடலாமா? முடியாது. நம் ஊரில் மேடைக்கு மேடை சொல்லப்படும் அந்தக் கணக்கு நீலகிரியில் இடிக்கிறது. அங்கே உயரமான சரிவுகளில் பெரும்பகுதி இயல்பில் புல்வெளிதான். உறைபனி விழும் திறந்த சரிவில் சோலை மரக் கன்று தாங்காது, புல் தாங்கும். குளிரில் மெல்ல வளரும் குட்டைப் புல் குடிக்கும் தண்ணீரும் கொஞ்சம். மிச்சமெல்லாம் கீழே சதுப்புக்கும் ஓடைக்கும் போகும்.

வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் (சமவெளியில் தைலமரம்) சீகையையும் (ஆங்கிலத்தில் வாட்டில்) கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் புல்வெளியைத் தரிசு என்று நினைத்து நட்டுக்கொண்டே இருந்தோம். உதகையிலுள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றொன்றில் 1972இல் பாதிக்குச் சற்று மேல் கற்பூர மரம் வைத்தார்கள். முதல் பத்தாண்டில் ஓடைக்கு வந்த நீர் ஆண்டுக்குச் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் தழைத்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். கோடை ஓட்டமும் இளைத்தது. எனக்கு இதுதான் பெரிய சேதி, ஏனென்றால் மழைக்காலத்தில் தண்ணீர் யாருக்கும் பஞ்சமில்லை.

தோடர்களுக்குப் புல்வெளி என்றால் எருமை மேய்ச்சல் மட்டுமில்லை. அரைவட்டக் கூரை போட்ட அவர்கள் கோயிலை வேய்வதற்கென்றே தனிப் புல் உண்டு. சீகை பரவிய இடத்தில் அதைத் தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது.

கீழே வந்தால் கணக்கு பெரிதாகிறது. பைக்காராவில் 1932இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த ஆறே மாயாறாகிப் பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. அங்கிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையும் பவானியில்தான்.

சோலையும் எல்லாவற்றையும் தாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப் பெய்தால் எந்த மண்ணும் நிரம்பிவிடும், சரிவும் சரியும்.

அப்படியானால் சீகையை வெட்டிவிட்டால் போதாதா? அதன் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு காத்திருக்கும். வெயில் பட்டதும் கூட்டமாக முளைத்துவிடும். இன்னொரு பக்கம், பழனி மலையில் பழைய சீகைத் தோப்பு நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக எழும்பி வருவதையும் பார்த்திருக்கிறார்கள். புல்வெளியாக இருந்த சரிவில் வெட்டிப் பல வருஷம் சீகைக் கன்று பிடுங்க வேண்டும், சோலையை ஒட்டிய தோப்பைத் தொடாமல் விடவேண்டும். எது எந்தச் சரிவு என்பதை மலையேறி ஒவ்வொன்றாகத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.