வெட்டினாலும் விடாத டெய்சி

புல்தரையை ஒரே பச்சையாக வைத்திருக்க நினைப்பவர்களுக்கு டெய்சி என்ற சின்னப் பூச்செடி ஒரு தலைவலி. இயந்திரத்தை ஓட்டி ஒட்ட வெட்டிவிட்டுத் திரும்பினால், சில நாளிலேயே வெள்ளைப் புள்ளிகள் மறுபடி எட்டிப்பார்க்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த இயந்திரம்தான் டெய்சிக்குப் பெரிய துணை.

ஐரோப்பாவின் புல்வெளிகளில் தானாக வளரும் பல்லாண்டுச் செடி இது. 1753-இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் பெல்லிஸ் பெரென்னிஸ். சூரியகாந்தியும் சாமந்தியும் இதற்குச் சொந்தக்காரர்கள்தான். ஆனால் இதன் பூக்காம்பு பெரும்பாலும் ஒரு சாண் உயரம்கூட வராது.

இலைகள் கரண்டி வடிவில், மண்ணோடு மண்ணாக வட்டமாகப் படுத்திருக்கும். புது இலையும் மொட்டும் கிளம்பும் குருத்து அந்த வட்டத்தின் நடுவில், தரைமட்டத்தில் இருக்கிறது. பிளேடு அதற்கு மேலே போய்விடும். பறிபோவது பூக்காம்புகள் மட்டுமே, அவை திரும்ப வந்துவிடும். கூடவே, நிழல் போட்டு டெய்சியை அமுக்கியிருக்கக்கூடிய உயரமான புற்களையும் பிளேடு சீவிவிடுகிறது. வெட்டாமல் விட்ட புல்வெளியில்தான் டெய்சி மெல்ல மெல்லக் குறையும். மண்ணை ஒட்டிப் படுக்கையாக ஓடும் குட்டையான தண்டிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்புவதால், ஒரு செடி நாளடைவில் ஒரு கொத்தாகிவிடும்.

சரி, பூவுக்கு வருவோம். பூ என்று நாம் சொல்வது ஒரு பூவே அல்ல, ஒரு கூட்டம். வெள்ளை 'இதழ்' ஒன்றை அடியோடு பிடுங்கிப் பாருங்கள். அதன் அடியில் பொடிசாக, விதை உருவாகும் சூலகமும், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும், இரண்டாகப் பிளந்த சூலகமுடியும் தெரியும். அது ஒரு முழுப் பெண் பூ. நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டமோ, நெருக்கியடித்து நிற்கும் குட்டிக் குழல் பூக்கள். அவை ஒவ்வொன்றிலும் ஆண், பெண் இரண்டு பாகமும் உண்டு.

கைலென்ஸ் இருந்தால் அந்த மஞ்சள் பூக்களைத்தான் பார்க்க வேண்டும். மகரந்தப்பைகள் ஒட்டிச் சேர்ந்து ஒரு குழாயாக நிற்கும். மகரந்தம் அந்தக் குழாயின் உள்பக்கம் கொட்டும். அப்புறம் கீழிருந்து, சூலகமுடியைத் தாங்கும் சூலகத்தண்டு வளர்ந்து, ஊசிமருந்துக் குழாயின் தண்டு மருந்தைத் தள்ளுவது போல, மகரந்தத்தை வெளியே தள்ளும். பூச்சிகள் அதை எடுத்துப் போன பிறகுதான் சூலகமுடி இரண்டாக விரியும். தன் மகரந்தம் தன்மேலேயே படுவதைக் குறைக்கும் ஏற்பாடு இது. இவை எல்லாம் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வரிசையாகத் திறப்பதால், பூச்சிகளுக்குப் பல நாள் விருந்து.

இருட்டினால் டெய்சி மூடிக்கொள்ளும். வெள்ளை இதழ்களின் அடிப்பகுதியில் மேல்பக்கம் அதிகம் விரிந்தால் அவை வெளியே சாயும், கீழ்ப்பக்கம் அதிகம் விரிந்தால் நிமிர்ந்து குவியும். அவ்வளவுதான் சூட்சுமம். மூடிய பூவில் இதழ்களின் முதுகில் இருக்கும் இளஞ்சிவப்பு வெளியே தெரியும். பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்' என்று பொருள்படும் சொல்தான் தேய்ந்து டெய்சி ஆனது. பொருத்தமான பெயர்.

தோட்டத்துக்கென்று உருவாக்கிய அடுக்கு டெய்சிகளும் உண்டு. அவற்றில் மஞ்சள் பூக்களின் இடத்தைப் பெரும்பாலும் இதழ்ப் பூக்களே பிடித்துக்கொள்கின்றன. பார்க்க அழகு, ஆனால் மகரந்தம் தேடி வரும் பூச்சிக்கு ஏமாற்றம். எனக்கு ஒற்றை அடுக்குதான் பிடிக்கும்.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும், வெயிலோ அரைநிழலோ போதும், கொளுத்தும் கோடையில் துவண்டுவிடும். விதை மிகச் சிறியது, ஆழப் புதைக்கக் கூடாது. மண்ணின் மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். குளிர்நாடுகளில் கோடையின் தொடக்கத்தில் விதைத்து, இலையுதிர் காலத்தில் நாற்றைப் பிடுங்கி நடுகிறார்கள், அடுத்த வசந்தத்தில் பூக்கும். கொத்து நெருக்கமாகிவிட்டால், பூத்து ஓய்ந்ததும் தோண்டி, வேரோடு பிரித்து நடலாம். நடும்போது நடுக்குருத்து மண்ணுக்குள் போய்விடாமல் தரைமட்டத்திலேயே நிற்க வேண்டும். புதைந்தால் அழுகிவிடும்.